ஹோல்ஸ்டின் ‘கோள்கள்’ இசையை முதன்முறை கேட்பது எப்படி?

மழையில்லாத இரவொன்றைத் தெரிந்தெடுங்கள். அட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால், இந்த வாத்தியக்குழு இசையின் மிக மெல்லிய இறுதிப் பகுதி காதுக்கு எட்டாது. ஒவ்வொன்றும் ஒரு கோளின் பெயரைத் தாங்கிய ஏழு பகுதிகளுக்கும் ஏறத்தாழ 50 நிமிடங்கள் தேவை. ஹெட்போன் இருந்தால் நல்லது.

1874இல் இங்கிலாந்தின் செல்டனமில் பிறந்த கஸ்டவ் ஹோல்ஸ்ட், வலக்கை நரம்பு நோயால் பியானோக் கலைஞராகும் எண்ணத்தைக் கைவிட்டு, சில காலம் ட்ரொம்போன் என்ற ஊதுகருவியை வாசித்துப் பிழைத்து, பின்னர் லண்டனில் பெண்கள் பாடசாலை ஆசிரியராக இருந்தபடியே, 1914 முதல் 1917 வரை இதை எழுதினார். அவரைத் தூண்டியது வானியலன்று, சோதிடம். ஆகவே இதில் பூமி இல்லை.

முதற்பகுதியான ‘செவ்வாய்’ கோளில் தொடங்குங்கள். வயலின் போன்ற கருவிகளின் வில்லின் மரப்பக்கத்தால் தந்திகளைத் தட்டும் அந்தத் தாளத்தை விரல்விட்டு எண்ணினால் நான்கல்ல, ஐந்து வரும். தோட்டத்துத் திருவிழாக்களில் தப்பு மேளம் கேட்டு வளர்ந்தவர்கள் அதை விரைவில் பிடித்துக்கொள்வார்கள். போரின் ஓசைதான், ஆனால் எந்தப் படையும் அதற்குச் சீராக அடிவைக்க முடியாது. இப்பகுதியை மட்டும் இருமுறை கேளுங்கள்.

வெள்ளியும் புதனும் இயல்பாகக் கடந்து செல்லட்டும். வியாழனின் நடுவே வரும் அகன்ற மெட்டையும், முதுமையைச் சொல்லும் சனியையும் நிதானமாகக் கேளுங்கள்.

கடைசியாக வரும் நெப்டியூனில் ஒலியைக் கூட்டாதீர்கள். பக்கத்து அறையில் மறைந்து பாடும் பெண்களின் குரல்கள், அந்த அறைக்கதவு மெல்ல மூடப்படுவதால் தேய்ந்து மறையும். அதன்பின் சற்று நேரம் வேறெதையும் ஒலிக்கவிடாதீர்கள்.