வாடகைக்குத் திணறுகிறவர்கள் அரசு வீடு கேட்கும்போது செய்யும் தவறுகள்

நம்ம மாவட்டத்தில் அரசு வீடு கேட்டு அலைகிறவர்களில் பலர் ஆரம்பத்திலேயே தவறிவிடுகிறார்கள், தாங்கள் இருப்பது ஊராட்சியா பேரூராட்சியா என்று பார்ப்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்ட மக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் நகர்ப்புறக் கணக்கில்தான் வருகிறார்கள். சுற்றிலும் வாழையும் ரப்பரும் நிற்கும், பார்த்தால் கிராமம்தான், அரசுத் தாளில் அது பேரூராட்சி, அதாவது நகர்ப்புறம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடப்பார்கள். அது ஊராட்சிகளில் குடிசையில் இருக்கிறவர்களுக்கான திட்டம். பேரூராட்சி, நகராட்சி, நாகர்கோவில் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் கேட்க வேண்டியது பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவையும், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தையும். பழைய குடிசை மாற்று வாரியம்தான் அது, 2021இல் பெயர் மாறியது. சந்தேகம் இருந்தால் வீட்டுக்காரரிடம் வீட்டு வரி ரசீதைக் கேட்டுப் பாருங்கள், எந்த உள்ளாட்சி என்று அதில் இருக்கும்.

அப்புறம், ஒரு சென்ட் இடம்கூட இல்லாதவர்கள் வீடு கட்டும் உதவிக்கு எழுதிப் போடுகிறார்கள். மனை உள்ளவருக்கு மட்டுமே அந்த உதவி. இடம் இல்லையென்றால் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு வட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும், அல்லது வாரியக் குடியிருப்பில் வீடு கேட்க வேண்டும். அந்த வீடும் முழு இலவசமாகக் கிடைக்காது, பயனாளி பங்குத்தொகை கட்ட வேண்டியிருக்கும். அதைக் கட்டும் இடம் வாரியம், வீட்டு வாசலுக்கு வந்து "நான் வாங்கித் தருகிறேன்" என்கிற ஆளின் கை அல்ல.

கணவரை இழந்தவர், தனியாக வாழும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முதியோர், திருநங்கையர் ஆகியோருக்கு 2024இல் தொடங்கிய நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் முன்னுரிமை உண்டு. ஆனால் முன்னுரிமை தாளைப் பார்த்துத்தான் வரும், ஆளின் கஷ்டத்தைப் பார்த்து வராது. கணவர் இறந்து அண்ணன் வீட்டு ரேஷன் கார்டில் பெயரைச் சேர்த்துவிட்டு, பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, முந்திரி ஆலைக் கூலியில் வாடகை கொடுக்கிற அக்காமார் எத்தனை பேர்! அண்ணனுக்குச் சொந்த வீடு இருந்தால் விசாரணையில் அது இவர்கள் தலையில் விடியும். கார்டைத் தனியாகப் பிரித்து இப்போது இருக்கிற முகவரிக்கு மாற்றிவிட்டு மனு கொடுங்கள். கடற்கரை ஊர்களில் இன்னொரு வேதனை, கடலில் காணாமல் போனவரின் உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்றிதழும் இழுபடும். 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு அதை எத்தனையோ குடும்பங்கள் அனுபவித்தன. காவல் நிலையப் புகார் நகலைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

கட்டுமான வேலை செய்கிறவர்கள் நலவாரியப் பதிவைப் புதுப்பிக்காமல் விடுவதும் இதே ரகம்தான். வீட்டுக்கான உதவி அங்கேயும் உண்டு.

சரி, வீடு கிடைக்கும்வரை வாடகை வீட்டில்தானே இருந்தாக வேண்டும். அங்கே பெரிய தவறு, வாய்ப்பேச்சில் குடியேறுவது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், பதினொரு மாத ஒப்பந்தமும் இதற்கு விலக்கு அல்ல. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், ஆகவே படிக்காமல் போடாதீர்கள், படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாடகைக்கு ரசீது கேளுங்கள். கொடுக்காவிட்டால் வங்கிக் கணக்கில் போடுங்கள், அதுவே சாட்சி.

மொத்தமாகப் பணம் கொடுத்து மாத வாடகை இல்லாமல் குடியிருக்கும் ஒத்தி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மாத வாடகை மிச்சம் என்று நகையை விற்று, கைமாற்று வாங்கி, இரண்டு மூன்று லட்சத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஒரு முத்திரைத்தாளோடு திருப்திப்படுகிறார்கள். அந்த வீடு ஏற்கெனவே வங்கிக் கடனில் இருந்தால், வங்கி ஜப்திக்கு வரும் நாளில் இவர்கள் பணத்துக்கு யார் பொறுப்பு? ஒத்தி என்பது அடமானம், நூறு ரூபாய்க்கு மேல் போனால் பத்திரமாகப் பதிவு செய்தாக வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்னால், சொத்தின் மேல் பதிவான கடனைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், வில்லங்கத்தில் வராத கடனும் இருக்கலாம் என்பதால் மூலப்பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.

வாடகை பாக்கியானதும் கந்துவட்டிக்கு வாங்கி அடைப்பது கடனை இரட்டிப்பாக்கும். அதைவிட, வீட்டுக்காரரிடம் தவணை கேட்டு அதை எழுதி வாங்குவது மேல். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் பயந்து இரவோடு இரவாகச் சாமானை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நீங்களாகக் காலி செய்ததாகச் சொல்லிவிடலாம், அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதும் கஷ்டமாகிவிடும். பாக்கி இருந்தாலும்கூட அவற்றை நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை, வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். எழுதத் தெரியாது, வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இலவச உதவி சட்டப்படியான உரிமை. 15100க்கு அழைத்தும் கேட்கலாம்.