ஒற்றைக் கோழிக்குஞ்சு கத்தாமல் இருக்க

வீட்டில் ஒரே ஒரு கோழிக்குஞ்சு வளர்த்தால், அட்டைப்பெட்டிக்குள் அதன் கண்ணுக்கு நேராகச் சின்ன முகக்கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். குஞ்சு கூட்டமாக வாழப் பிறந்தது. கண்ணாடியில் தெரிவதைத் துணை என்று நினைத்து ஒட்டிப் படுக்கும், கத்தல் நன்றாகக் குறையும். அடியில் செய்தித்தாள் வேண்டாம், கால் வழுக்கி விரிந்துவிடும். நம் டெல்டாவில்தான் அரிசி ஆலைக்கு ஆலை உமி கிடைக்கிறதே, அதைப் பரப்புங்கள்.

ஆனால் குளிரில் கத்தும் குஞ்சுக்குக் கண்ணாடி உதவாது. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். ஐப்பசி அடைமழையில் குண்டு பல்பு போட்டே ஆகவேண்டும், எல்இடி சூடு தராது. அப்புறம், வளர்ந்து சேவல் என்று தெரிந்ததும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். பாவம், எதிரி என்று நினைத்துக் கொத்திக்கொண்டே இருக்கும்.