பினாங்கில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு: மீனை மோந்து பார்த்தால் போதாது

லண்டனிலிருந்தோ மெல்பர்னிலிருந்தோ விடுமுறைக்குப் பினாங்கு வந்தால், தெலுக் பஹாங்கில் படகு பேசிவிட்டேன் என்று மச்சான் ஒருவராவது கூப்பிடுவார். தாராளமாகப் போங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்க் காற்றுமழை வரும். மேற்கே கறுத்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும், பலகைக்கு அடியில் அல்ல.

தூண்டிலில் செம்பிலாங் (கடல் கெளுத்தி வகை) மாட்டினால் வெறும் கையால் பிடிக்காதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று விஷமுள். குத்திவிட்டால் குத்திய இடத்தைப் பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி வரை வையுங்கள்.

5 கிலோ மீனுக்கு 5 கிலோ ஐஸ். அதில் கொஞ்சம் கடல்நீர் ஊற்றினால் மீன் சீக்கிரம் குளிரும். ஆயா (சூரை), கெம்போங் (கானாங்கெளுத்தி), தெங்கிரி (வஞ்சிரம்) மீன்கள் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் ஊறும். குழம்பு கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். குற்றம் ஐஸ் பெட்டியுடையது.

பவளப்பாறை மீனின் சிக்கல் வேறு. பினாங்கைச் சுற்றிப் பெரும்பாலும் சேற்றுக்கடல்; சபா, கிழக்குக்கரைத் தீவுகள் வரை போகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். பாறைமேல் வளரும் காம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்பாசியின் நஞ்சு சிறுமீன் வழியாகப் பெருமீனில் சேர்கிறது. சிகுவாட்டெரா என்பது இதுதான். மணமில்லை, ருசியில்லை, பொரித்தாலும், உறையவைத்தாலும், கருவாடாக்கினாலும் அழியாது. ஈ மொய்க்கிறதா, வெள்ளிக்காசு கறுக்கிறதா என்ற சோதனைகளெல்லாம் வீண். சீலா, அஞ்சாளை வேண்டாம். 2 கிலோ தாண்டிய கெராப்பு (களவா), ஈக்கான் மேரா (சங்கரா) இரண்டையும் தவிர்ப்பது நல்லது. ஈரல், சினை, தலை ஆகியவற்றில் நஞ்சு அதிகம். பாறையில் பிடித்த பெரிய மீனின் தலையைக் கறிக்கு வைக்காதீர்கள்; ஆசைக்கு வளர்ப்புச் சியாகாப் (கொடுவா) தலை இருக்கிறது.

பேத்தை மீனை யார் சுத்தம் செய்து தந்தாலும் தொடாதீர்கள். 2023இல் ஜொகூரின் குளுவாங்கில் அதைச் சாப்பிட்ட முதிய தம்பதி இறந்தனர்.

வாந்தி, பேதியோடு உதடு மரத்து, ஐஸ் தண்ணீர் சுடுவதுபோல் இருந்தால் சிகுவாட்டெராவைச் சந்தேகியுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு முட்டினால் 999. தேசிய நச்சு மையம் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. மருத்துவர் அங்கே கேட்கலாம். சிகுவாட்டெராவுக்கு முறிமருந்து கிடையாது. தேறிய பிறகும் சில மாதங்களுக்கு மது, கொட்டைகள், மீன் ஆகியவை அறிகுறிகளை மறுபடி கிளப்பிவிடலாம். ஊர் திரும்பியபின் தொடர்ந்தால், எந்த மீன், எங்கே பிடித்தது என்று அங்குள்ள மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவருக்கு இது நினைவுக்கு வராமல் போகலாம். மிச்சமிருந்த துண்டைச் சோதனைக்காகப் பினாங்கு வீட்டு ஃப்ரீசரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.