பழைய காரில் சில்வர் பீச்சுக்கு: முதல் முறை கிளப்போடு கிளம்புகிறவர்களுக்கு

அம்பாசிடரோ பத்மினியோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, ஒரு பழைய காரை ஆசையாக வைத்திருக்கிறீர்கள். கிளப்பில் எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் கடற்கரைக்குப் போகலாம் என்கிறார்கள். முதல் பயணத்துக்கு நான் சொல்வது புதுச்சேரியிலிருந்து கடலூர் தேவனாம்பட்டினம், அதாவது சில்வர் பீச்தான். சுமார் 25 கிலோமீட்டர், ஏற்றம் இறக்கம் கிடையாது. வழி நெடுக ஊர்கள் இருப்பதால் வண்டி நின்றாலும் பயமில்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலை அழகுதான், ஆனால் சாயங்காலம் 6 மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள்.

1. நாள் பார்த்தல்

ஜனவரி, பிப்ரவரி நல்லது. கத்திரி வெயிலில் வேண்டவே வேண்டாம். காணும் பொங்கலன்றும் மாசி மகத்தன்றும் தேவனாம்பட்டினத்தில் கால் வைக்க இடமிருக்காது. காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுங்கள்.

2. காகிதங்கள்

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். 50 வருடம் தாண்டிய காரை 2021 விதிப்படி வின்டேஜ் வண்டியாகப் பதிந்திருந்தால் கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுத்துப் போகலாம், தினசரி ஓட்டக்கூடாது.

3. ஒரு வாரம் முன்பே பார்க்க வேண்டியவை

முதலில் பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பரை அது அரித்துவிடும். ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். மேலே மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ பிசுபிசுத்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள், எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் கார் எரிந்துவிடும், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அப்புறம் ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், ஸ்டெப்னியில் காற்று. தீப்பொறிக்கான பாயிண்ட், கண்டென்சர், ஒரு ஃபேன் பெல்ட், ஐந்து லிட்டர் தண்ணீர், இரண்டு பழைய பருத்தித் துணி டிக்கியில் இருக்கட்டும். பெட்ரோலைப் புதுச்சேரியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் விலை கூடும்.

4. வரிசையில் ஓட்டுதல்

வழி தெரிந்தவர் முன்னால். அவருக்கு அடுத்ததாக, கிளப்பிலேயே மெதுவாகப் போகும் வண்டி. கடைசியில் மெக்கானிக் வேலை தெரிந்தவர். மெதுவான வண்டியைப் பின்னால் விட்டால் அது துரத்திப் பிடிக்கப் பார்த்துச் சூடாகும்; இரண்டாவதாக இருந்தால் எல்லாரும் அதன் வேகத்துக்கு வந்துவிடுவார்கள். 45, 50 போதும். இடைவெளி தாராளமாக விடுங்கள், நம்முடையது டிரம் பிரேக், சட்டென்று நிற்காது.

5. சூடு

முருங்கப்பாக்கத்திலும் அரியாங்குப்பத்திலும் நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் வண்டி திணறும். திக்கித் திக்கி நின்றுவிட்டால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். இன்ஜினை ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பு சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போகாமல் நின்றிருக்கும். ஓரம் கட்டி பானெட்டைத் திறங்கள். பருத்தித் துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து பம்பு மேலும் குழாய் மேலும் சுற்றுங்கள். பக்கத்தில் இருக்கும், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் படக்கூடாது. கால் மணி நேரம் சும்மா இருங்கள். செல்ஃபைத் திரும்பத் திரும்ப அடித்தால் பேட்டரிதான் தீரும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீறிடும்.

சுண்ணாம்பாறு தாண்டிவிட்டால் நெரிசல் குறையும், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று காற்று வாங்கிக்கொண்டே போகலாம்.

6. கடற்கரையில்

கெட்டியான தரையில் நிறுத்துங்கள். படத்துக்காக மணலில் இறக்கினால் பின்சக்கரம் புதைந்து, கிளட்ச் தீயும் வாசனைதான் மிஞ்சும். பிள்ளைகள் ஓடி வருவார்கள். ஹெரால்டு இருந்தால் அதன் பானெட்டைத் தூக்கிக் காட்டுங்கள். மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் எழும்பும். சென்னையில் தயாரான கார் என்று சொன்னால் பெரியவர்களே ஆச்சரியப்படுவார்கள். பொழுதிருந்தால் கெடிலம் ஆற்றின் ஓரத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சங்களையும் பார்த்து வரலாம்.

7. திரும்பியதும் கழுவுதல்

இதை மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். உப்பு கண்ணுக்குத் தெரியாமல் தகட்டில் உட்கார்ந்துவிடும். மேலே பளபளப்பாகத் துடைப்பது அவசரமில்லை. அடிப்பாகம், மட்கார்டு உள்பக்கம், கதவின் கீழ்விளிம்பு, இந்த மூன்றுக்கும் நல்ல தண்ணீரை நன்றாகப் பீய்ச்சுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஈர்க்குச்சியால் குத்தினால் மணல் கொட்டும். அடைத்துக் கிடந்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும், டிங்கர் வேலைக்கு அங்கேதான் பணம் போகும்.

கழுவியதும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, பிரேக்கை மெல்ல அழுத்தி டிரம்மைக் காயவிடுங்கள். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டால் காலையில் ஒட்டிக்கொள்ளும். வண்டி நன்றாக உலர்ந்த பிறகு கவர் போடலாம்.