ஹாப்பில் பாதி மட்டும் சூடானபோது: என் அனுபவம்

ஓவன் சரியாக வேலை செய்தது. அதே நாளில் பொருத்திய ஹாப்பில் (சமையல் மேடையில் பதிக்கும் நான்கு அடுப்பு கொண்ட மின்சார அடுப்பு) இடப்பக்கத்து இரண்டு அடுப்புகள் மட்டும் சூடாயின. வலப்பக்கம் உயிரே இல்லை. புதுப் பொருளே பழுதோ என்று மனசு பதைத்தது.

முதலில் வயர் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஹாப் 7.2 கிலோவாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 31 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் மெயின் போர்டிலிருந்து தனியாக 6 சதுர மி.மீ. செம்பு வயர், 32 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மீறி கரண்ட் ஓடினால் தானாக அணையும் சுவிட்ச்). 3 கிலோவாட் ஓவனுக்கு 13 ஆம்பியர்தான், 2.5 சதுர மி.மீ. வயரும் 16 ஆம்பியர் எம்சிபியும் போதும். இரண்டையும் ஒரே வயரில் சேர்க்க எனக்கு மனமில்லை. வீட்டின் மெயின் இணைப்பு மொத்தச் சுமையைத் தாங்குமா என்பதையும் முன்பே கேட்டுக்கொண்டேன்.

மெயினை அணைத்து, மல்டிமீட்டரில் கரண்ட் இல்லை என்று உறுதிசெய்த பிறகு ஹாப்பின் டெர்மினல் (வயர்களை இணைக்கும் இடம்) மூடியைத் திறந்தேன். எல்1, எல்2 என்று இரண்டு ஃபேஸ் முனைகள்; ஒவ்வொன்றும் இரண்டு அடுப்புக்கு. வீட்டில் சிங்கிள் ஃபேஸ் என்றால் இரண்டையும் செம்புத் தகட்டால் இணைக்க வேண்டும். அந்தத் தகடு மூடிக்குள் ஒரு சின்னப் பையில் அப்படியே கிடந்தது! மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த படத்திலும் அது தெளிவாக இருந்தது.

தகட்டைப் போட்டேன். அப்புறம் எல்லாத் திருகுகளையும் நன்றாக இறுக்கினேன். இது ரொம்ப முக்கியம். இத்தனை ஆம்பியர் ஓடும் இடத்தில் முனை தளர்ந்திருந்தால் சூடேறி உருகிவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சோதித்த பிறகுதான் மெயினைப் போட்டேன். நான்கு அடுப்பும் சூடாயின.