காசு கேக்க கூச்சமா இருக்கா? போர்டு மெம்பரும் வாலண்டியரும் நிதி திரட்ட இப்படி உதவலாம்

தொண்டு அமைப்பு மீட்டிங்ல நிதின்னு பேச்சு எடுத்தாலே பாதி பேர் குனிஞ்சு பேப்பர பாக்க ஆரம்பிச்சிடுவாங்க, நானும் பல வருஷம் அப்படித்தான் உக்காந்திருந்தேன், ஏன்னா நிதி திரட்டுறதுன்னா தெரிஞ்சவங்ககிட்ட போய் கைய நீட்டுறதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். உண்மையில கேக்குறது கடைசி பத்து நிமிஷம் தான். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்குற வேலை தான் பெருசு, அத ஆபீஸ்ல இருக்குற ரெண்டு மூணு பேர் மட்டும் இழுக்க முடியாது.

போர்டுல, அதாவது அமைப்ப நடத்துற நிர்வாகக் குழுவுல, இருந்தா முதல்ல நீங்க குடுங்க. சின்ன தொகையா இருந்தாலும் சரி, ஒருத்தர் விடாம எல்லாரும் குடுத்திருக்கணும். மானியம் தர்ற அமைப்புகள் சிலது "உங்க போர்டுல எத்தனை பேர் நன்கொடை குடுக்குறாங்க"ன்னு நேராவே கேப்பாங்க. அதோட, "நானும் குடுக்குறேன், நீங்களும் சேந்துக்கோங்க"ன்னு சொல்றப்ப உங்க குரல்லயே ஒரு தெம்பு வரும். ஆனா குறைஞ்சது இவ்வளவு குடுத்தா தான் போர்டுல இருக்கலாம்னு ரூல் போடுறது எனக்கு சுத்தமா புடிக்காது, கைல காசு இல்லாட்டியும் அமைப்போட வேலைய உள்ள இருந்து அனுபவிச்சு தெரிஞ்சவங்க தான் முதல்ல வெளிய போயிடுவாங்க.

அப்புறம் உங்க போன எடுத்து கான்டாக்ட் லிஸ்ட்ட மெதுவா தள்ளி பாருங்க, ஒரு பத்து பேர் எழுதுங்க. ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் அவருக்கு எதுல அக்கறை, அடுத்து என்ன பண்ணலாம்னு ஒரு வரி, அவ்வளவு தான். "படிப்பு விஷயம்னா உருகுவாரு, ஒரு நாள் சென்டருக்கு கூட்டிட்டு வரணும்" இந்த மாதிரி. நம்பர அவங்கள கேக்காம ஆபீஸுக்கு குடுத்துடாதீங்க, நீங்களே பேசி அறிமுகம் பண்ணி வைங்க. எல்லாரோட லிஸ்ட்டையும் ஒண்ணா வச்சு பாத்துடணும், இல்லன்னா ஒரே ஆள ஒரே வாரத்துல மூணு பேர் போய் கேப்பாங்க.

கேக்க போறப்ப ரெண்டு பேரா போங்க, ஒருத்தர் அவருக்கு தெரிஞ்சவர், இன்னொருத்தர் வேலை விவரம் தெரிஞ்ச ஸ்டாஃப். எதுக்கு, எவ்வளவு வேணும்னு தெளிவா சொல்லிட்டு வாய மூடிடுங்க. இது தான் ரொம்ப கஷ்டம். அந்த நாலு செகண்ட் அமைதி தாங்காம "பரவால்லங்க, இப்ப முடியலன்னா அப்புறம் பாக்கலாம்"னு நானே எத்தனையோ தடவ உளறி, அவர் யோசிச்சிட்டு இருந்ததயே கெடுத்திருக்கேன். அவர் முடியாதுன்னு சொன்னா, வேலை எப்படி போகுதுன்னு அப்பப்ப சொல்லலாமான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க.

நன்கொடை வந்தா ரசீது ஆபீஸ் அனுப்பும், நன்றி சொல்ற போன் மட்டும் போர்டு மெம்பர்கிட்ட இருந்து போகட்டும், முடிஞ்சா ரெண்டு நாளுக்குள்ள. அந்த போன்ல மறுபடி காசு பத்தி பேசவே கூடாது. நன்றி போன் பண்ணா அடுத்த வருஷம் நன்கொடை தானா கூடும்னு எல்லாரும் நம்புறாங்க, ஆனா 2023ல வெளிவந்த பெரிய ஆய்வு ஒண்ணுல, நன்றி போன் வந்தவங்களும் வராதவங்களும் அடுத்து குடுத்ததுல பெருசா வித்தியாசமே இல்லன்னு தெரிஞ்சது. அதனால கணக்கு போட்டு பண்ணாதீங்க, அவர் ஏன் குடுத்தாருன்னு கேட்டு தெரிஞ்சுக்க பண்ணுங்க.

வாலண்டியர்ஸ்க்கு ஒரு விஷயம். உங்ககிட்ட இருக்குற கதை ஆபீஸ்ல யார்கிட்டயும் இருக்காது, வேலை முடிஞ்ச அன்னிக்கே ரெண்டு வரி எழுதி வச்சிடுங்க, ஒரு வாரம் போனா மறந்துடும். போட்டோவும் பேரும் அந்த கதையில வர்றவங்க மனசார சம்மதிச்சா மட்டும் தான், குழந்தைங்கன்னா பெத்தவங்க சம்மதமும் வேணும். உங்க கம்பெனியில நீங்க குடுக்குறதுக்கு சமமாவோ, நீங்க தொண்டு செஞ்ச நேரத்துக்கோ அமைப்புக்கு காசு குடுக்குற திட்டம் இருக்கான்னு எச்ஆர்கிட்ட கேளுங்க, சில கம்பெனியில இருக்கு, கேக்காததால வீணா போகுது.

காசு கையில வாங்குனா ரெண்டு பேரா எண்ணுங்க, அங்கயே ரசீது போடுங்க, சொந்த அக்கவுண்ட்ல ஒரு நாள் கூட வாங்காதீங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு அமைப்புல அவசரத்துக்குன்னு ஒரு வாலண்டியர் தன் அக்கவுண்ட்ல வாங்குனாங்க, ஒரு பைசா தப்பு பண்ணல, ஆனாலும் கேள்வி மேல கேள்வி வந்து மனசு ஒடஞ்சு விலகிட்டாங்க.

"சம்பளத்துக்கு எவ்வளவு போகுது"ன்னு கண்டிப்பா கேப்பாங்க. போன வருஷ வரவு செலவு ஒரு பக்கத்துல இருந்தா கைல வச்சுக்கோங்க, இந்த வேலைய செய்யறது மனுஷங்க தான், அவங்களுக்கு சம்பளம் குடுக்கணும்னு தயங்காம சொல்லுங்க.

ஆரம்பிக்க ஒரு வழி சொல்றேன், அடுத்த மீட்டிங்ல முதல் பதினஞ்சு நிமிஷம் அஜெண்டாவ ஒதுக்கி வச்சிட்டு, போன மாசம் குடுத்தவங்க லிஸ்ட்ட பிரிச்சு ஆளுக்கு ரெண்டு பேருக்கு அங்கயே போன் போடுங்க: "வணக்கங்க, நான் போர்டுல இருக்கேன், நீங்க அனுப்பினது வந்துச்சு, நன்றி சொல்ல தான் கூப்பிட்டேன்."