சேவல் சீறி வந்தால் பின்வாங்காதீர்கள்

சேவல் ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசியபடி சாய்ந்து சாய்ந்து உங்களைச் சுற்றி வந்தால், ஓடவும் வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். அப்படியே நில்லுங்கள். அது அசையாமல் நின்றால் மெதுவாக ஓரடி முன்னே வையுங்கள். பார்வையை மாற்றிக்கொண்டு தரையைக் கொத்த ஆரம்பிக்கும். அப்புறம் உங்கள் வேலையைப் பாருங்கள்.

அதன் கணக்கில் நீங்கள் பெட்டைகளுக்குப் போட்டியாக வந்த இன்னொரு சேவல். நீங்கள் பின்வாங்கினால், தான் ஜெயித்துவிட்டதாக எண்ணி மறுநாளும் வரும். உதைத்தால் சண்டைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பிடரி இறகைச் சிலிர்த்துப் பாயும். தன் கூட்டத்தைக் காக்கிற ஜீவன் அது, பாவம், அடிக்காதீர்கள். அதன் கண் முன்னே பெட்டையைத் துரத்திப் பிடிப்பதையும் விடுங்கள். இருட்டிய பிறகு கூட்டில் பிடித்தால் சத்தமே இருக்காது, இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது.

சண்டைக்கென்று வளர்த்த சேவலிடமும், கால் முள் நீண்டு கூர்மையான சேவலிடமும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். சிறு குழந்தைகளை நிற்கச் சொல்லவே கூடாது, அவர்கள் முகத்துக்கு நேராகவே முள் வரும். பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும் நேரத்தில் சேவலைப் பஞ்சாரத்தில், அதாவது கோழியை மூடிவைக்கும் கூடையில், கவிழ்த்துவிடுங்கள்.